ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேர மௌனம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மகளுக்குக் காய்ச்சல் என்று டீச்சருக்குக் கொடுத்த லீவு லெட்டர்கள்தான். அதிலும் 'தாழ்மையுடன்' என்பதை இரண்டு தடவை போட்டுவிடுவேன். எழுதுவதாவது பரவாயில்லை, பேசுவது எனக்கு இன்னும் மோசம். கம்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது எங்கள் ஊரில் இறங்க வேறு யாரும் இல்லையென்றால் எனக்கு வியர்த்துவிடும். 'நிறுத்துங்க' என்று கத்தக் கூச்சப்பட்டு, உத்தமபாளையம் வரை போய் இறங்கி, அங்கிருந்து நடந்து வந்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல.

அப்படிப்பட்டவன் ஏன் எழுத வந்தேன் என்றால், கொழாயைப் பற்றிப் பேசாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை, எழுதியவர்தான் யாரும் இல்லை.

தேனியிலிருந்து லோயர்கேம்ப் வரை காதுள்ள எந்த மனிதரும் கொழாயைக் கேட்காமல் வாழ்ந்திருக்க முடியாது. பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. காது குத்து, கல்யாணம், மாதா கோயில் திருவிழா, மாரியம்மன் பொங்கல், எதுவாக இருந்தாலும் மைக்செட் அவருடையதுதான். கூம்பு ஸ்பீக்கரை எங்கள் பக்கம் கொழாய் என்போம். அந்தப் பெயர் முதலில் ஸ்பீக்கருக்கு இருந்தது, பிறகு அவருக்கு வந்தது. கடைசியில் எது அவர், எது ஸ்பீக்கர் என்ற வித்தியாசம் ஊருக்கு மறந்துபோயிற்று.

கையில் மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பதுபோல்தான் அவருக்குப் பேசத் தெரியும். டீக்கடைக்கு வந்தால், "டீக்கடை உரிமையாளர் அவர்களின் கனிவான கவனத்திற்கு! சர்க்கரை கம்மியாக ஒரு டீ... ஒரு டீ... ஒரு டீ..." என்பார். கடைக்குப் புதிதாக வந்த மாஸ்டர் மூன்று டீ போட்டு வைத்துவிட்டார். குமுளிப் பக்கம் எஸ்டேட் கோயில்களுக்கும் போய்வருவதால் உணர்ச்சி அதிகமானால் மலையாளம் வந்துவிடும். எங்கள் தெருவில் தண்ணீர் வராத நாளில், "பிரியப்பட்ட நாட்டுகாரே!" என்று தொடங்கிவிட்டுத்தான் தமிழுக்கு இறங்குவார்.

கூம்பு கட்டக் கூடாது என்று அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்கள். பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் இருந்த கூம்பில், "கூம்பு ஸ்பீக்கர் கட்டக் கூடாது என்று காவல்துறை அன்புடன் கேட்டுக்கொள்கிறது" என்று ஊருக்கு அறிவித்தார்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. "ஏப்பா அந்தோணி, மனுசனுக்குச் சோறு போட்டா வயிறு நெறஞ்சுரும், போதும்பான். கொழாயில அவன் பேரச் சொல்லிப் பாரு, போதும்னே சொல்ல மாட்டான்" என்பார். ஆதாரமும் வைத்திருந்தார். கோயிலுக்குத் தேங்காய் கொடுத்த ஒருவரை அவர் 'கொடை வள்ளல்' என்று அறிவிக்க, அந்த மனிதர் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு வாழைத்தாரைச் சுமந்துகொண்டு வந்தாராம். வீரபாண்டித் திருவிழாவில் காணாமல் போன ஒரு பையனை, "செக்கச் சிவந்த சட்டை, சிங்கம் போல் நடை" என்று அவர் வர்ணித்த வர்ணிப்பில், அவன் தம்பியும் வேண்டுமென்றே போய்த் தொலைந்தானாம்.

அவர் கொள்கைக்கு அடங்காத ஒரே ஆள் அவர் மனைவி ஈஸ்வரி அக்கா. ஒருநாள் குழம்பு நன்றாக இருந்தது என்று அதைக் கொழாயில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு நிம்மதி வேண்டும் என்று தோன்றும் நாளெல்லாம் குழம்பில் ஒரு கை உப்பு கூடுதலாக விழும்.

இந்த மனிதருக்கு எதிர் வீட்டில் குடியிருந்தோம் நாங்கள். நான், என் மனைவி செல்வி, மகள் ஜான்சி. ஜான்சி அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். முகம் அம்மா ஜாடை. கூச்சம் அப்படியே நான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவளும் நானும் ஒரே கதவுக்குப் பின்னால் நிற்க இடம் தேடுவோம்.

ஆறாம் வகுப்புக்கு வாய்க்கால் பாலம் தாண்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பள்ளி நேரத்துக்குப் பஸ் கிடையாது. செல்வி விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்து ஜீப்பில் மலையேறிவிடுவாள். எனக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. கொடிகளை வெட்டிவிடும் கவாத்துக் காலத்தில் சூரியனுக்கு முன்னால் பந்தலுக்கு அடியில் நிற்க வேண்டும். பிள்ளையைக் கொண்டுபோய் விட ஆள் இல்லை.

"லீவு முடியறதுக்குள்ள அவ சைக்கிள் பழகிட்டா நம்ம வீட்டுல இருந்து போகட்டும். இல்லாட்டி வடுகபட்டியில எங்கக்கா வீட்டுல விட்டுருவோம். அங்கன பள்ளிக்கூடம் பக்கத்துலதான் இருக்கு" என்றாள் செல்வி. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கும் மனசில்லை என்று தெரிந்தது.

சைக்கிள் இருந்தது. ஜான்சி மாதா கோயிலில் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கியபோது அவள் தாய்மாமன் வாங்கிக் கொடுத்தது. சீட்டில் பாலிதீன் உறைகூடக் கிழியாமல் சுவரில் சாய்ந்து நின்றது. அப்பன் பழக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதில்தான் ஒரு சிக்கல். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சிறுவயதில் பழகும்போது, பள்ளி விட்டு வந்த அத்தனை பெண் பிள்ளைகளும் பார்க்க, வாய்க்காலுக்குள் இறங்கினேன். சைக்கிளோடுதான் இறங்கினேன். அதன் பிறகு ஏறவில்லை. முட்டிவலி என்று ஊரை நம்பவைத்திருக்கிறேன். எவ்வளவு தூரமானாலும் நடந்தே போகிறவர் என்று எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட உண்டு.

ஓட்டத் தெரியாதவன் என்ன செய்வான்? ஜிலேபி வாங்கிக் கொடுப்பான். "நல்லா மிதிச்சன்னா ஜிலேபி" என்றேன். ஜான்சி சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, மேலே ஏறி உட்கார்ந்து, பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றச் சுற்ற மிதித்தாள். "மிதிச்சிட்டேம்ப்பா" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். மறுநாள் யோசித்து, "தெருவ ஒரு சுத்து வரணும்" என்றேன். சைக்கிளை உருட்டிக்கொண்டே ஒரு சுற்று நடந்து வந்தாள். "ஏறி வரணும்னு நீங்க சொல்லலியே" என்றாள். அதற்கும் கொடுத்தேன். பிறகு பரோட்டா, கலர் பென்சில் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். சைக்கிள் அசையவில்லை. பிள்ளையின் கன்னம்தான் உப்பிக்கொண்டே வந்தது.

"பிள்ளைக்குச் சைக்கிள் பழக்குறீகளா, இல்ல பன்னிக்குட்டி வளக்குறீகளா?" என்றாள் செல்வி.

இதையெல்லாம் எதிர் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கொழாய் ஒருநாள் இறங்கி வந்தார்.

"தம்பி, தீனி போட்டா ஆடுதான் வரும். புள்ள வராது. எங்கிட்ட விடு."

"வேணாம்ண்ணே..." என்றேன். நான் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. கொழாய்க்கு எங்கே கேட்கப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. மாதா கோயில் பூசை முடிந்து ஊரே தெருவில் நின்றது. மனசு வந்து ஜான்சி அன்றுதான் முதல்முதலாக ஸ்டாண்டை எடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். நான் கேரியரைப் பிடித்திருந்தேன். பிடித்திருந்தேன் என்பதைவிட, விழாமல் இருக்க நான் அதைப் பற்றியிருந்தேன் என்று சொல்லலாம். இரண்டு மிதி. மூன்று மிதி. மாடியில் கூம்பு ஒருமுறை இருமியது.

"பிரியப்பட்ட நாட்டுகாரே! பெரியோர்களே! தாய்மார்களே! நமது தெருவைச் சேர்ந்த அந்தோணி அவர்களின் அருந்தவப் புதல்வி, வீராங்கனை ஜான்சி அவர்கள், இதோ... இதோ... அரைச் சுற்றை முடிக்க இருக்கிறார்கள்! கேரியரைப் பிடித்திருப்பவர் தந்தையார் அந்தோணி! அந்தோணி! அந்தோணி!"

சைக்கிள் கீழே கிடந்தது. ஜான்சி வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். எனக்கும் அங்கேதான் போகத் தோன்றியது. ஆனால் இடம் இல்லை.

அதன் பிறகு அவள் சைக்கிள் இருந்த பக்கமே திரும்பவில்லை. செல்வி வடுகபட்டிக்குப் போன் போட்டு அக்காவிடம் பேசத் தொடங்கிவிட்டாள். நான் தோட்டத்தில் கொடியைப் பார்க்காமல் காய்க்கிற கிளையை வெட்டிவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

கொழாய்தான் இடிந்துபோய்விட்டார். "எம் பேரச் சொல்லாதன்னு அழுகுற பிள்ள ஒண்ணு உண்டுமா ஒலகத்துல?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார்.

"ஒமக்குப் பிடிச்சத அடுத்தவுக தலையில கொட்டிட்டு, பரிசு குடுத்தேங்கிறீரே" என்றார் ஈஸ்வரி அக்கா. "மொதல்ல அது என்ன கேக்குதுன்னு கேட்டீரா?"

கேட்க வந்தார். ஜான்சி அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே பழைய இடத்துக்குப் போய்விட்டாள். கொழாய் கட்டில் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேச முயன்றார். தெருக்கோடி ரேஷன் கடை வரைக்கும்தான் கேட்டது.

"ஏத்தா ஜான்சி, பெரியப்பா நல்லதாத்தான சொன்னேன்? வீராங்கனைன்னு சொன்னேனே."

"வேணாம்."

"மகாராணின்னு சொல்லவா?"

"வேணாம்."

"பெறகு என்னதாந்த்தா வேணும்? எதுன்னாலும் கேளு. கொழாய் கட்டுறவன் வாக்கு, மாற மாட்டேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"நான் ஒரு சுத்து வந்தா, நீங்க ஒரு மணி நேரம் பேசக் கூடாது."

"கொழாயிலதான?"

"வாயிலயும் பேசக் கூடாது."

கொழாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்த ஈஸ்வரி அக்காதான் முந்திக்கொண்டார். "ஆத்தா, என் கண்ணு! வெளிய வாத்தா. சைக்கிள நானே தள்ளுறேன். ஒரு நாளைக்கு இருவத்துநாலு சுத்து வருவியா?"

என்னுடைய ஜிலேபி செய்யாததை அந்தப் பேரம் செய்தது. அன்றைக்கே சாயங்காலம் சைக்கிள் தெருவில் இறங்கியது. செய்தி அதற்கு முன்பே இறங்கியிருந்தது. தெருவே பிள்ளைக்குப் பின்னால் திரண்டது. கைக்குழந்தையைத் தூங்கவைக்கத் தவித்த ஒரு வீட்டிலிருந்து செயினுக்கு எண்ணெய் வந்தது. டியூஷன் எடுக்கும் டீச்சர் திருப்பத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கினார். சைக்கிள் வரும் நேரத்துக்கு ஆடுகளைப் பிடித்துக் கட்டினார்கள். எங்கள் தெருவில் ஒரு பொதுக் காரியத்துக்கு அத்தனை பேர் ஒன்றுபட்டு நான் பார்த்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது கொழாய்தான். நான் பிடித்தால் சைக்கிள் என் பக்கம் சாய்ந்தது. ஈஸ்வரி அக்காவுக்கு மூச்சு வாங்கியது. சீட்டைப் பிடித்துக்கொண்டு, தன் வாயைத் தானே அடைப்பதற்காக அந்த மனிதர் வியர்க்க வியர்க்க ஓடினார். சுற்று முடிந்ததும் உதட்டை இறுக மூடிக்கொள்வார். அடுத்த சுற்றுக்கு அந்த மௌனத்தோடேயே ஓடுவார். 'பிரேக்கப் பிடி' என்று சொல்ல முடியாது, முதுகில் ஒரு தட்டு. 'இடது பக்கம்' என்று சொல்ல முடியாது, இடது தோளில் ஒரு தட்டு. கத்துவதற்கு ஆள் இல்லாததாலோ என்னவோ, ஜான்சி பயப்படாமல் ஓட்டினாள். சுற்று முடிந்து திரும்பிப் பார்ப்பாள். ஊரையே அதட்டும் ஆள் ஊமையாக நிற்பதைப் பார்த்து, பல் தெரியச் சிரிப்பாள். அப்படி அவள் வெளி ஆள் முன்னால் சிரித்து நான் பார்த்ததில்லை.

டீக்கடையில் அவர் இப்போது ஒரு விரலைக் காட்டினார். பழக்க தோஷத்தில் மூன்று தடவை காட்டினார். மாஸ்டர் மறுபடியும் மூன்று டீ போட்டார்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் செல்வி வேலைக்குப் போகாமல் நின்றாள். ஜான்சி தனியாகப் பாலம் தாண்டிப் போய், பள்ளிக்கூட கேட்டை ஓட்டியபடியே தொட்டு, வளைத்துத் திரும்பி வர வேண்டும். யாரும் கூடப் போகக் கூடாது. வந்துவிட்டால் எங்கள் வீடு, வராவிட்டால் வடுகபட்டி. துணிப்பை கட்டி வாசலில் தயாராக இருந்தது. பரிசு என்ன என்று ஜான்சியே சொன்னாள்: அவள் கிளம்பியதிலிருந்து விளக்கு வைக்கிற வரை கொழாய் பேசக் கூடாது. கொழாய் தலையாட்டினார்.

அவர் சீட்டைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளிவிட்டார். போனாள்.

போனவள் திரும்பவில்லை. வர வேண்டிய நேரம் தாண்டியது. தெருமுனையில் நின்ற கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொழாய் தன் வீட்டு மாடிக்கு ஏறினார். அங்கிருந்து வயலைத் தாண்டி வாய்க்கால் பாலம் தெரியும். ஏறியவர், எதையோ பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினார். பிறகு குனிந்து நிமிர்ந்தார். பிறகு கைகளைத் தலைக்கு மேல் சுழற்றினார்.

"ஆத்தீ! வாய்க்கால்ல விழுந்துட்டாளா?" என்று செல்வி கத்தினாள்.

கொழாய் தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் சேர்த்து ஆட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லித் தொலையுமய்யா!" என்றார் ஈஸ்வரி அக்கா. அந்தக் கோடையில் அக்கா அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். கொழாய் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துக் கையசைத்தார். படியேறி ஓடினேன்.

பாலத்தின் மேல் ஒரு வாத்துக் கூட்டம். அறுத்த வயலுக்கு வாத்து மேய்க்கிறவர் ஓட்டி வந்தவை, பாலம் முழுக்க அடைத்துக்கொண்டு நகர்ந்தன. அதற்கு அந்தப் பக்கம், காலை ஊன்றி நிறுத்தி, சிவப்புப் பாவாடையில் ஜான்சி. கொழாய் விரித்த கை, குனிந்த முதுகு எல்லாம் வாத்து என்று அப்போதுதான் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. அவளை ஒவ்வொரு தடவையும் யாராவது தள்ளிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். தானாக ஏறிக் கிளம்பியதே இல்லை. அதைச் சொல்லிக் கொடுக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

வாத்துகள் போய் முடிந்தன. ஜான்சி ஒரு காலை மிதியில் வைத்தாள். சைக்கிள் சாய்ந்தது. ஊன்றிக்கொண்டாள். மறுபடி வைத்தாள். மறுபடி சாய்ந்தது.

கீழே செல்வி, "என்னங்க ஆச்சு? சொல்லுங்களேன்!" என்று அழத் தொடங்கிவிட்டாள். நானும் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. கொழாயின் வாய் திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. சட்டென்று மைக்கை எடுத்து என் கையில் திணித்து, சுவிட்சைப் போட்டார்.

முதலில் கூம்பில் என் மூச்சுதான் போனது. புயல் மாதிரி இருந்தது.

"யாரு அங்கன மூச்சு விடுறது?" என்று கீழே யாரோ கேட்டார்கள்.

ஜான்சி சைக்கிளை இரண்டு அடி உருட்டிக்கொண்டு ஓடி, எப்படியோ தாவினாள். சைக்கிள் வலது பக்கம் போனது, இடது பக்கம் போனது, நேரானது.

"ஏறிட்டா" என்றேன்.

என் குரல் வயல் முழுக்கப் போய், மலையில் பட்டுத் திரும்பி வந்து என்னிடமே சொன்னது. ஏறிட்டா.

"ஏறிட்டா... தானா ஏறிட்டா... ஜான்சி வாரா. செல்வி, ஒம் மக வாரா. பாலத்துல எறங்குறா. வாத்து மேய்க்கிறவர் அவர்களுக்கு நன்றி. வாத்துகளுக்கும் நன்றி. எதுக்க ஒரு டிராக்டர் வருது. டிராக்டர்க்காரர் அவர்களின் கனிவான கவனத்திற்கு, எம் பிள்ள வருது, ஓரமா நில்லுங்க, நில்லுங்க, நில்லுங்க..."

பஸ்ஸை நிறுத்தச் சொல்லத் தெரியாத நான் ஒரு டிராக்டரை நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். அன்றைய வெயில், காற்று, நெல் அறுவடை என்று போய்க்கொண்டே இருந்தேன். "மதி, மதி! எறங்கி வாங்க!" என்று, போதும் என்பதை எஸ்டேட் மலையாளத்தில் செல்வி கீழிருந்து கத்திய பிறகு, கொழாய் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கை வாங்கினார்.

ஜான்சி வந்து இறங்கியதும் முதலில் அவரைத்தான் கேட்டாள். "பெரியப்பா, பேசுனீகளா?"

இல்லை என்று தலையாட்டினார்.

என் பக்கம் திரும்பினாள். "நீங்க வாத்துகிட்டயெல்லாம் பேசுனீக. அடுத்த தடவ ஒங்களயும் சேத்துதான் பேசக் கூடாதுன்னு சொல்லணும்."

துணிப்பையைச் செல்வி அவிழ்த்துத் துணிகளைத் திரும்ப அடுக்கினாள். கொழாய் அன்று முழுவதும் பேசவில்லை. விளக்கு வைத்த பிறகு எங்கள் வாசலுக்கு வந்து, அவருடைய அந்த மெதுவான குரலில், "நல்லாச் சொன்னப்பா, அந்தோணி. புள்ளய நல்லாக் கூட்டிட்டு வந்த" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தெருவை விட்டு நாங்கள் வேறு பக்கம் குடிவந்துவிட்டோம். ஜான்சி இப்போது பதினொன்றாவது. அரசாங்க சைக்கிளும் வந்துவிட்டது. இங்கே ரொம்ப அமைதி. சில நாள் அந்த மாடி நினைவுக்கு வரும். அத்தனை நேரம் மைக்கைக் கையில் வைத்திருந்தேன். மகள் பெயரைச் சொன்னேன், மனைவி பெயரைச் சொன்னேன், வாத்துக்கு நன்றி சொன்னேன். பிள்ளைக்குப் பின்னால் அத்தனை நாள் வாய் மூடி ஓடிய மனிதர் பக்கத்திலேயே நின்றார். ஊரில் எல்லோர் பெயரையும் சொன்னவர். அவர் பெயரை ஒரே ஒரு தடவை கொழாயில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் பெயர் எனக்குத் தெரியாது. அத்தனை வருஷம் எதிர் வீட்டில் இருந்துவிட்டு இனிமேல் போய் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

நான் மைக் பிடித்ததற்கு மறுநாள் பள்ளி திறந்தது. ஜான்சி சைக்கிளில் போனாள். கொழாய் ஒரு காது குத்துக்காகச் சின்னமனூர் போய்விட்டார். நான் தோட்டத்துக்கு நடந்து போனேன்.